மேனேஜர் நுழையாத பெட்டி

அத்தியாயம் 9

அம்மா குனிந்துவிட்டாள்.

கண்ணால் பார்த்தவள் மூத்த மகள், பெரியவள். சனிக்கிழமை காலை ஏழு மணி. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, ஒரு கையால் வாஷிங் மிஷினைப் பிடித்தபடி, மறு கையில் ஓட்டைக் கரண்டியோடு பூனை கழிக்கிற மண் தட்டை நோக்கி வளைந்திருந்தாள். முதுகில் தையல் பிரித்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை.

"அம்மா!"

அம்மா நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் வலி தாங்காமல் முகம் சுண்டிப்போனது. வாய் மட்டும் சுண்டவில்லை.

"ஏன்டி கத்தற? நான் என்ன திருட்டு வேலையா செஞ்சேன்?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவருக்கென்ன, சொல்லுவார். அவர் வீட்டுல பூனை இருக்கா?"

இந்த வீட்டின் இழுபறி வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. முப்பத்தோரு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த கண்டக்டரம்மாவுக்கு முதுகெலும்பு கடைசியில் கையை விரித்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு ஆபரேஷன். மூன்று மாதம் குனியவே கூடாது, குனிந்தால் மறுபடி என்னிடம்தான் வந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அம்மாவும் மேனேஜரும் மட்டும்தான். மேனேஜர் என்பது பூனை. அடுத்தவர் வேலை செய்யும்போது அரைக்கண் மூடி மேற்பார்வை பார்ப்பதால் கிடைத்த பதவி. வயது பதினொன்று. சிறுநீரகக் கோளாறு வந்து எலும்பும் தோலுமாக ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மண் தட்டுக்குப் போகும். அதை யாராவது அள்ளித்தானே ஆக வேண்டும்? ஒருவேளை அள்ளாமல் விட்டால் கோபித்துக்கொண்டு சோபாவைத் தேர்ந்தெடுத்துவிடும்.

பெரியவள் வேறு ஊரில் லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்தவள் நாளை சாயங்காலம் கிளம்பியாக வேண்டும். சின்னவன் இதே ஊர், இருபது நிமிஷத் தூரம். ஆனால் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லையாம். ஒரு இணையக் கடையில், விற்கிற சாமான்களைப் பற்றி எழுதிப் போடுகிற உத்தியோகம். தினமும் வந்து அள்ள முடியாதவன் போன வாரம் போனில் ஒரு வழி சொன்னான்: தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஆட்டோமேட்டிக் பெட்டி.

"அவன்தான் இன்னைக்குப் பெட்டி கொண்டு வர்றானே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கரண்டியைப் பிடுங்கினாள் பெரியவள்.

"அவன் கொண்டு வர்றது சரியில்லன்னா? நாளைக்கு நீ போயிடுவ. திங்கட்கிழமையிலேர்ந்து நான்தானே அள்ளணும். எவ்வளவு தூரம் குனிய முடியுதுன்னு பாத்தேன்."

"சரியில்லன்னா மேனேஜரைக் கொஞ்ச நாள் காப்பகத்துல விடலாம்."

"விடு. கூடவே என்னையும் விடு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கூண்டாப் போடச் சொல்லு."

இதற்கு மேல் அம்மாவிடம் பேசிப் பயனில்லை. நாளை சாயங்காலத்துக்குள் நம்பிக்கையான ஒரு பெட்டி இந்த வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அம்மா குனிவாள். குனிந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். பெரியவள் அந்த ஓட்டைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றெரிச்சலோடு நின்றாள்.

பத்து மணிக்குச் சின்னவன் வந்தான். முன்னால் அட்டைப்பெட்டி, பின்னால் அவன். அட்டைப்பெட்டிக்கு மேலே அவனுடைய தலைமுடி மட்டும் தெரிந்தது.

"வழி விடு, வழி விடு! மேனேஜருக்குப் புது ஆபீஸ் வந்தாச்சு!"

உள்ளே இருந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய உருளை, அது உட்கார ஒரு பீடம், முன்னால் வட்டமாக ஒரு வாய். பூனை வாய் வழியாக உள்ளே போய்க் காரியத்தை முடித்துவிட்டு வரும். பிறகு உருளை மெல்லச் சுழன்று நல்ல மண்ணைச் சலித்து வைத்துக்கொண்டு, கட்டியை மட்டும் பீடத்தில் இருக்கும் இழுப்பறையில் தள்ளிவிடும். அம்மா வாரம் ஒரு முறை பையை மாற்றினால் போதும். ஸ்டூல் மேல் தூக்கி வைத்துவிட்டு, மேனேஜர் ஏற ஒரு படியும் போட்டுவிட்டால் குனியவே வேண்டாம்.

"எப்படி?" என்றான் சின்னவன்.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் அம்மா. முகம் மலர்ந்துவிட்டது. "ராக்கெட் மாதிரி இருக்கு."

பெரியவள் பீடத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து பெட்டியின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு கையால் உருளையை மெல்லச் சுற்றினாள். உருளை சுற்றச் சுற்ற, அதன் வாய் பீடத்தின் விளிம்புக்குக் கீழே இறங்கியது. இறங்க இறங்க இடைவெளி சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது.

பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானாகத் திறந்து தானாக மூடும் எதைக் கண்டாலும் அவளுக்கு அப்படித்தான். பதினாறு வருஷத் தொழில் புத்தி.

"உள்ள பூனை இருக்கறப்போ இது சுத்தினா?"

"சுத்தாதுக்கா. அடியில சென்சார் இருக்கு. எடை தெரிஞ்சா நின்னுடும்."

"அது ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதாதா?"

"லிஃப்ட் கதவுக்கு ரெண்டு காவல் வைப்போம்டா. ஒண்ணு தூங்கினாலும் இன்னொண்ணு முழிச்சிருக்கும். ஆள் நிக்கறது தெரியணும். தெரியாமப் போனாலும், ஆள் மேல பட்டதும் கதவு திரும்பணும். இதுல பட்டா திரும்புமா?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டா. இது லிஃப்ட் இல்லக்கா, பூனைக் கக்கூஸ்!"

பெரியவள் எழுந்து போய், எங்கே போனாலும் விடாமல் தூக்கி வரும் தன் கருவிப் பையைத் திறந்தாள். வேலைக்குப் போடும் பூட்ஸுக்கான நீளக் காலுறை ஒன்றை எடுத்தாள். சமையலறைக்குப் போய் அதில் அரிசியைக் கொட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"கையை விட்டு சோதிக்கக் கூடாதும்மா. எங்க வேலையில முதல் பாடமே அதுதான். கதவு மூடறப்போ சுருட்டின பேப்பரை நீட்டுவோம். பேப்பர் கசங்கினா லிஃப்டை நிறுத்திடுவோம். மேனேஜர் என்ன பேப்பர் கனமா? அதான் அரிசி."

மேனேஜர் மூன்று கிலோ இருக்கும் என்றான் சின்னவன்; முதலில் அந்த எடைக்கே அரிசி. முடிச்சுப் போட்ட காலுறையை உருளைக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினான். சுற்ற ஆரம்பித்த உருளை 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது.

"பாத்தியா? பாத்தியா?" என்று குதித்தான் சின்னவன். "ஆழம் பாத்துட்டுத்தான் நான் காலை விடுவேன். உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாதுக்கா. உனக்கு வாழ்க்கையே ஒரு செத்த லிஃப்ட்."

"மேனேஜர் மூணு கிலோவா?"

குதித்தவன் நின்றான். மேனேஜர் புத்தக அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்து எல்லாரையும் அரைக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தது. பெரியவள் அதைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறினாள். பிறகு பூனையை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினாள். கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ நூறு. தூக்கும்போதே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. ஒரு காலத்தில் ஐந்து கிலோ இருந்த பூனை.

காலுறையிலிருந்து அரிசியைக் குறைத்தாள். சரியாக இரண்டு கிலோ நூறு. பூனை படுத்திருப்பது போல, தலைப்பக்கம் வாய் விளிம்பில் சற்று வெளியே தெரிய வைத்தாள். பூனைகள் அப்படித்தானே, பாதி வெளியே வந்து யோசித்துக்கொண்டு நிற்கும்.

"அழுத்து" என்றாள்.

அழுத்தினான்.

உருளை சுற்றியது. 'டிங்' வரவில்லை. நிற்கவும் இல்லை. வாய் கீழே இறங்கியது, காலுறையின் நுனியைப் பீடத்தின் விளிம்போடு சேர்த்துக் கவ்வியது. மோட்டார் ஒரு நொடி திணறியது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவது போல 'ர்ர்ர்' என்று இன்னும் அழுத்தியது. கெட்டிக் காலுறை, சிமெண்ட் தரையில் ஆறு மாதம் உழைத்த காலுறை, டர்ரென்று கிழிந்தது. அரிசி குளியலறை முழுக்கச் சிதறியது. அப்போதும் அது நிற்கவில்லை. பெரியவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மெல்ல நடந்து வந்த மேனேஜர் ஒரு அரிசியை முகர்ந்து பார்த்தது.

பெரியவள் பிடுங்கிய பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அரிசியாகப் போயிற்று. நாளைக்கு இதை இங்கே வைத்துவிட்டு அவள் பஸ் ஏறியிருப்பாள். திங்கட்கிழமை அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இந்த 'ர்ர்ர்' கேட்டிருக்கும். அம்மா ஓடியிருப்பாள், குனிந்திருப்பாள், இழுத்திருப்பாள். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. நினைத்த வரைக்குமே கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"இதையாடா வீட்டுக்குள்ள கொண்டு வந்த?"

சின்னவன் கையேட்டைப் புரட்டினான். "இரு, இரு... போட்டிருக்காங்கக்கா. பதினோராம் பக்கம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பூனைகள் இருக்கும் இடத்தில் தானியங்கி முறையை அணைத்துவிடவும்."

"பதினோராம் பக்கத்துலயா? அணைச்சுட்டா அப்புறம் அது எதுக்கு? ஜன்னல்ல பூச்சட்டி வைக்கவா?" என்றாள் பெரியவள்.

"எந்த எழுத்துல போட்டிருக்கான், காட்டு" என்று வாங்கிப் பார்த்தாள் அம்மா. மூக்குக் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். "எறும்பு ஊருற மாதிரி இருக்கு. கால் போனப்புறம் உக்காந்து படிக்கறதுக்கா இது?"

பெரியவள் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். பழுதான லிஃப்டில் தொங்கவிடுகிற அட்டை. 'இயக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பெட்டியின் வாயில் குறுக்காக ஒட்டினாள். ஒட்டியும் ஆத்திரம் தீரவில்லை.

"இதை எவன் பாதுகாப்புன்னு சொல்லி விக்கறான்? அவனுக்கு நாலு வார்த்தை எழுதாம விட மாட்டேன். எந்தக் கடை? உங்க கடைதானே?"

"விடுக்கா. திருப்பிக் கொடுத்துடலாம்."

"விடறதா? இன்னும் எத்தனை வீட்டுல இது சுத்திக்கிட்டு இருக்கோ!" அவள் ஏற்கெனவே போனில் தேட ஆரம்பித்திருந்தாள்.

"நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன்க்கா. நீ எழுதாத. போனைக் கொடு."

தம்பி கையை நீட்டிய அவசரம் பெரியவளுக்குப் புதிதாக இருந்தது. போனை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். கடையின் பக்கம் திறந்தது. பெட்டியின் படம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு படம். நீல நாற்காலி. நாற்காலியில் ஒரு பூனை. இடது காது நுனி கிழிந்த, அரைக்கண் மூடிய பூனை.

நிமிர்ந்து பார்த்தாள். அதே நீல நாற்காலி எதிரில் இருந்தது. அதில் அதே காதோடு மேனேஜர் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

படத்தின் கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தாள். "'குட்டி முதல் கிழம் வரை எல்லாச் செல்லங்களுக்கும் நூறு சதவீதம் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் சோதித்தது. பதினோரு வயதான, எடை மெலிந்த எங்கள் பூனை ஒரு மாதமாக இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு நாளும் பயந்ததில்லை.'"

அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து சேர்ந்தாள். "எந்தப் பூனைடி?"

"நம்ம பூனைம்மா. இவன் எழுதினது."

சின்னவன் வாசல் பக்கம் பார்த்தான். வாசல் தூரத்தில் இருந்தது.

"ஒரு மாசமா?" என்றாள் அம்மா. "இந்தப் பெட்டி இன்னைக்குத்தானேடா வீட்டுக்கே வந்துச்சு?"

"அது வந்து... அம்மா, ஒரு நாளைக்கு நாப்பது சாமான் எழுதணும். பல் குச்சியிலேர்ந்து பரண் ஏணி வரைக்கும். ஒண்ணையும் கண்ணால பாக்க முடியாது. ஒரு பட்டியல் வரும், அதை வெச்சு எழுதுவோம். 'வீட்டில் சோதித்தது'ன்னு போட்டாத்தான் தேடறவங்களுக்கு நம்ம பக்கம் மேல வரும். எல்லாருமே போடறாங்க. ஒரு படம்தானே, மேனேஜர் படம் கையில இருந்துச்சு..."

"அப்ப உனக்குத் தெரியும். சோதிக்காத பெட்டின்னு தெரிஞ்சே இங்க தூக்கிட்டு வந்த" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா! சத்தியமா நல்ல பெட்டின்னுதான் நெனச்சேன். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை திருத்தி எழுதினேன் தெரியுமா? எழுதி எழுதி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இங்கே வடிகிறது என்று சொன்னவனே தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறான். வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அவனை அறையத்தான் கை வந்தது.

அதற்குள் அம்மா பேசிவிட்டாள். கத்தவில்லை. பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கத்தியவள், நிஜமாகவே கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவாள். அது பிள்ளைகள் இருவருக்கும் தெரியும்.

"எத்தனை டிரைவர் என்கிட்ட எரிஞ்சு விழுந்திருப்பான் தெரியுமாடா? 'விசில் கொடும்மா, லேட்டாகுது, விசில் கொடும்மா'ன்னு. படியில யாரோட காலாவது இருக்கான்னு எட்டிப் பாக்காம ஒரு நாள் நான் விசில் கொடுத்ததில்ல. மழையில பாத்தேன், கூட்டத்துல பாத்தேன், உன்னை வயித்துல வெச்சுக்கிட்டுப் பாத்தேன். அப்படி வளைஞ்சு வளைஞ்சு பாத்துத்தான் இந்த முதுகு போச்சு. நீ பாக்காமயே விசில் கொடுத்திருக்க. ஒரு பஸ்ஸுக்கு இல்ல, ஒரு நாளைக்கு நாப்பது பஸ்ஸுக்கு."

"அம்மா..."

"பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டுடும்னு நெனைக்குமாம். என் பூனை அரைக்கண்ணாவது திறந்து வெச்சிருக்கு. நீதான்டா முழுசா மூடிக்கிட்ட."

சின்னவன் முகம் வெளிறிவிட்டது. பெரியவளுக்கு ஒரு நொடி அவன் மேல் இரக்கம் வந்தது. இருபத்தெட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல நின்றான். ஆனால் குளியலறை அரிசி ஞாபகத்துக்கு வந்ததும் இரக்கம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"சரி, தப்புதான். மாத்திடறேன். வேற நல்ல பெட்டியாப் பாக்கறேன். இப்பவே தேடறேன்" என்றான்.

"நீ தேட வேண்டாம். நான் தேடறேன்" என்றாள் பெரியவள். "இப்படி வாய் இறங்கி நசுக்கற உருளையே வேண்டாம். மேல திறந்தே இருக்கணும். எடை பாக்கற சென்சார் ஒண்ணு, அசைவு பாக்கற சென்சார் ஒண்ணு, ரெண்டும் வேணும். சுருட்டின பேப்பர் பட்டாக்கூட மோட்டார் நிக்கணும். நின்னாப் போதாது, பின்னால போகணும். வேணாம்னா ஆட்டோமேட்டிக்கை நிறுத்திட்டு, அம்மா கண் முன்னால பொத்தானை அழுத்தி சுத்தற மாதிரியும் இருக்கணும். அரிசிக் காலுறையில பாஸானாத்தான் வீட்டுக்குள்ள வரும்."

"அதுக்கு நாளாகுமேக்கா. நீ நாளைக்குப் போயிடுவ."

"ஆகட்டும்" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் பழைய தட்டு இருக்கட்டும். நான் குனிய மாட்டேன். உனக்கு சந்தோஷம்தானேடி? திங்கட்கிழமையிலேர்ந்து காலையில ஏழு மணிக்கு இவன் வந்து அள்ளுவான். சாயங்காலம் ஏழு மணிக்கு இவன் வந்து அள்ளுவான்."

"அம்மா, எனக்கு ஆபீஸ்..."

"இருபது நிமிஷம்டா. மகன் வர முடியாததுக்குத்தானே மிஷின் வந்துச்சு? மிஷின் ஆகாதுன்னா மகன் வரட்டும்."

சின்னவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அரிசியைப் பெருக்க ஆரம்பித்தான்.

விஷயம் இத்தோடு முடிந்தது என்றுதான் பெரியவளும் நினைத்தாள். முடிந்த கையோடு, வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளினாள். அருமை, சூப்பர், சீக்கிரம் வந்து சேர்ந்தது என்று வரிசையாக வந்தன. எட்டாவதில் விரல் நின்றுவிட்டது. எழுதி மூன்று நாள் ஆகியிருந்தது.

"உங்கள் பூனையின் படத்தைப் பார்த்துத்தான் இதை வாங்கினேன். என்னுடையதும் வயதானது, மெலிந்தது. நேற்று உள்ளிருந்து ஒரு அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இன்னும் வெளியே வரவில்லை. முதலில் உங்கள் பூனைக்கும் இப்படித்தான் இருந்ததா? தயவுசெய்து சொல்லவும்."

அதற்குக் கீழே கடையின் பதில்: "பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். எங்கள் பூனையும் முதலில் வெட்கப்பட்டது!" பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை முகம்.

பெரியவள் போனை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனாள். கீழே உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த பதிலையும் நீதான் எழுதினியா?"

படித்தான். துடைப்பம் கையிலிருந்து நழுவியது. தலையை ஆட்டினான்.

"அந்தப் பூனை அலறியிருக்குடா! வெட்கப்பட்டுச்சாம்!" என்றாள் பெரியவள். "இவங்க நம்பர் உன்கிட்ட இருக்குமா?"

"ஆபீஸ் லாகின்ல இருக்கும். ஆனா நாங்க கஸ்டமரை நேரடியா கூப்பிடக் கூடாது. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கதவருகே நின்றிருந்தாள். பட்டை கட்டிய இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவன் நழுவிய துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். தன் போனில் ஆபீஸ் பக்கத்தைத் திறந்தான், தேடினான், இதே ஊர் விலாசத்தோடு இருந்த நம்பரை அழுத்தினான். பெரியவள் கேட்காமலேயே ஸ்பீக்கரைப் போட்டான்.

நான்காவது மணியில் ஒரு பெண் குரல். "யாருங்க?"

"வணக்கம். நான்... பூனைப் பெட்டி வாங்கினீங்களே, அந்தக் கடையில அதைப் பத்தி எழுதினவன் பேசறேன்."

"அப்பாடா! கூப்பிட்டீங்களே! நீங்கதானா அது? நீலச் சேர்ல உக்காந்திருக்குமே, காது கிழிஞ்ச செல்லம், அது உங்களுதா?"

"ஆமாங்க. எங்க அம்மாவோட பூனை."

"என்னுது நேத்துத்தான் வெளிய வந்துச்சு. வால் வீங்கியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டிட்டேன். என் தப்புதான், சரியாப் பழக்கலன்னு நெனச்சேன். நீங்க எப்படிப் பழக்கினீங்க? அதைச் சொல்லுங்க."

சின்னவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெரியவளைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

"உங்க தப்பு ஒண்ணும் இல்லைங்க. எங்க பூனை இந்தப் பெட்டிக்குள்ள ஒரு தடவைகூடப் போனதில்ல. நான் எழுதினது பொய். முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. தயவுசெஞ்சு இப்பவே பிடுங்குங்க."

அந்தப் பெண் திட்டப்போகிறாள் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வந்தது வேறு குரல், சற்று முன்னால் பேசிய அதே பெண்ணுடையதுதானா என்று சந்தேகப்படும்படி மெலிந்துபோன குரல்.

"என்னங்க சொல்றீங்க? நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டித்தான் இதே ஊர்ல இருக்கற என் தங்கச்சியையும் ஒண்ணு வாங்க வெச்சேன். இன்னைக்குக் காலையில அதை ஓட விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு டியூட்டிக்குப் போயிட்டா. சாவியும் அவகிட்டதான். ஆஸ்பத்திரி வார்டுல போனை எடுக்க மாட்டா, திரும்பி வர சாயங்காலம் ஆறு ஆகும். அவ வெச்சிருக்கறது ரெண்டு மாசக் குட்டிங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே முக்கால். பெரியவள் ஏற்கெனவே கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். சின்னவன் வண்டிச் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

"அட்ரஸ் சொல்லுங்க" என்றான்.